கேட்கத் தெரிந்த செல்கள்

வேறொருவர் ஈந்த இதயத்தைப் பெற்று வாழ்பவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். ஓய்வாகச் சாய்ந்திருக்கும்போதும் அவர்கள் இதயம் நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடித்துக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது 70-ஐ ஒட்டி நிற்கும். புதிய இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. அறுவை மருத்துவர் இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்துவிட்டார். நரம்புகளைத் தைக்க முடியவில்லை. மூளையின் தண்டுப் பகுதியில் புறப்பட்டு, கழுத்து வழியே இறங்கி இதயத்தைத் தொடும் வேகஸ் நரம்பின் துணை இந்த இதயத்துக்கு இல்லை. அந்தத் துணை போனதும் அது தன் சொந்த வேகத்தில் துடிக்கத் தொடங்கிவிட்டது.

இதயத்தின் சொந்த வேகம் ஏறத்தாழ 100. அப்படியானால் நம்முடைய 70 எங்கிருந்து வந்தது? ‘மெதுவாக, மெதுவாக’ என்று அந்த நரம்பு இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் வந்தது. நாம் ஆழ்ந்து உறங்கும்போது அந்தச் சொல் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்றே தளர்கிறது, வெளியே விடும்போது மறுபடி வலுக்கிறது. அதனால் நாடியும் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. பதற்றமானவரிடம் மூச்சை நிதானமாக, நீட்டி வெளியே விடச் சொல்லும் பெரியவர்கள் இந்தப் பேச்சுக்குத்தான் வலுவூட்டச் சொல்கிறார்கள். நாம் கேளாமலே, நமக்குத் தெரியாமலே, பிறந்த நாள் முதல் நம் உடலுக்குள் ஒருவர் இன்னொருவரை அமைதிப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இன்றும் அதை வெறும் உடலியங்கியல் செய்தியாக எண்ண என்னால் முடியவில்லை.

இந்தப் பேச்சு எதைக் கொண்டு நடக்கிறது என்பது நூறாண்டுகளுக்கு முன்பு விளங்காமலிருந்தது. நரம்பில் மின்துடிப்பு ஓடுகிறது என்பது தெரியும். ஆகவே நரம்பின் முனையிலிருந்து இதயத்துக்கும் மின்சாரமே தாவுகிறது என்று பலர் நம்பினார்கள். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் ஓட்டோ லோவி. ஈஸ்டர் காலத்து இரவொன்றில் அவருக்குத் தூக்கத்தில் ஒரு யோசனை தோன்றியது. எழுந்து ஒரு தாளில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் எழுதியது அவருக்கே புரியவில்லை. அன்று முழுவதும் தவித்தார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இம்முறை அவர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நேரே ஆய்வகத்துக்குப் போனார்.

செய்த சோதனை மிக எளிது. இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க விட்டார். ஒன்றில் வேகஸ் நரம்பு இருந்தது, மற்றதில் அதை நீக்கியிருந்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு மந்தமாயிற்று. அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குள் விட்டார். அதுவும் மந்தமாயிற்று. அந்த இரண்டாவது இதயத்தை எந்த நரம்பும் தொடவில்லை. நரம்பு தொட்ட இதயத்தின் நீர் மட்டுமே தொட்டது. ஆகவே நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்க வேண்டும். 1921-இல் இதை அவர் வெளியிட்டார். பகலில் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது என்று தள்ளியிருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சில உண்மைகள் மனிதன் தேடிப் போய் எடுப்பவை அல்ல, அவனைத் தேடி வருபவை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின். இங்கிலாந்தில் ஹென்றி டேல் 1914-லேயே தானியக் கதிரைப் பிடிக்கும் ஒரு பூஞ்சையின் சாற்றில் அதைக் கண்டு, உடலில் அது செய்யும் வேலைகளை ஆராய்ந்திருந்தார். 1936-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். யூதரான லோவியைச் சிறையில் அடைத்தார்கள். உயிரோடு வெளியே வருவோமா என்று தெரியாத நிலையில் அவர் ஓர் அஞ்சலட்டை வாங்கித் தன் கடைசி ஆய்வின் முடிவை எழுதி ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பச் செய்தார். பரிசுப் பணம் முழுவதையும் பிடுங்கிக்கொண்ட பிறகே அவரை நாட்டைவிட்டு வெளியேற விட்டார்கள்.

இதயத்தைவிட விரைவாக இந்தச் செய்தி போகும் இடம் நம் தசைகள். ஒரு விரலை மடக்குகிறீர்கள். முதுகுத் தண்டிலிருந்து கிளம்பிய மின்துடிப்பு நரம்பின் நுனியை எட்டுகிறது. அங்கே பாதை முடிந்துவிடுகிறது. நரம்புக்கும் தசைக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவு. கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, மின்துடிப்புக்கோ அது கடக்க முடியாத அகழி. நரம்பு நுனிக்குள் நுண்பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் பல ஆயிரம். துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. பல பத்து நுண்பைகள் ஒரே கணத்தில் விளிம்போடு ஒட்டித் திறந்து, உள்ளிருப்பதை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்க்கரையில் தசையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புகளின் உச்சியில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 10,000 ஏற்பிகள் நெருங்கி நிற்கின்றன. நரம்பு எந்த இடத்தில் பைகளைத் திறக்கிறதோ அதற்கு நேர் எதிரேதான் அந்த நெரிசல்.

ஒவ்வோர் ஏற்பியும் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளை விட்டு அமைந்தது. அதில் அசிட்டைல்கோலின் வந்தமர இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் மட்டும் அமர்ந்தால் துளை திறப்பது மிக அரிது. இரண்டிலும் அமர்ந்தால் ஐந்து துண்டுகளும் சற்றே முறுக்கி விலகுகின்றன, துளை திறக்கிறது. திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பத்தாயிரம் அளவில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்துவிடுகின்றன. இப்படி எண்ணற்ற துளைகள் ஒன்றாகத் திறக்கும்போது தசை விழிக்கிறது, சுருங்குகிறது, விரல் மடங்குகிறது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து சொன்னால்தான் நம்புவது என்ற அந்த எச்சரிக்கையை இவ்வளவு சிறிய பொருளுக்குள் வைத்த கையை நான் வணங்குகிறேன். எங்கோ தவறிச் சிந்திய ஒரு மூலக்கூறுக்காக நம் கை உதறுவதில்லை.

நரம்பு முழு மௌனமாக இருக்கும்போதும் அதன் நுனி முற்றிலும் சும்மா இருப்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்னார்டு காட்ஸும் பால் ஃபாட்டும் தவளைத் தசையில் நுண்ணிய மின்முனையைச் செருகி அளந்துகொண்டிருந்தபோது, நரம்பைத் தூண்டாமலே அவ்வப்போது சின்னஞ்சிறு மின்னதிர்வுகள் எழுந்தன. 1950-இல் அதைப் பற்றி எழுதியபோது உயிரியல் இரைச்சல் என்றே குறிப்பிட்டார்கள். அவர்கள் அதைக் கழிவென்று தள்ளாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது நம் நல்வினை. ஓர் அதிர்வு என்பது ஒரே ஒரு நுண்பை தானாகத் திறந்ததன் விளைவு என்றும், நரம்பு எதைச் சொன்னாலும் முழு முழு நுண்பைகளாகவே சொல்கிறது, அரைப் பை என்பது கிடையாது என்றும் அதிலிருந்து தெளிவாயிற்று. காட்ஸுக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தசையைச் சுருக்கும் அதே அசிட்டைல்கோலின்தான் இதயத்தைத் தளர்த்துகிறது. மூலக்கூறில் ஓர் அணுவும் மாறவில்லை. மாறியது கேட்பவர். இதயச் செல்லின் ஏற்பி துளை அல்ல. செல்லின் சவ்வை ஏழு முறை குறுக்கே தைத்துச் செல்லும் ஒற்றைப் புரதச் சரம். வெளிப்புறத்தில் அசிட்டைல்கோலின் அமர்ந்ததும் அதன் உட்புற முகம் உருமாறி, கீழே காத்திருக்கும் இன்னொரு புரதத்தை விடுவிக்கிறது. அது போய்ப் பொட்டாசியத்தின் வாயிலைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற, செல் அடுத்த துடிப்புக்குத் தயாராக இன்னும் சற்று நேரம் பிடிக்கிறது. தசையில் நடப்பதைவிட இது பல மடங்கு நிதானமானது. அங்கே தேவைப்படுவதும் நிதானம்தான்.

சங்கின் ஓசை ஒன்றே. கோயிலில் கேட்டால் கை கூப்புகிறோம், தெருமுனையில் கேட்டால் போனது யார் என்று விசாரிக்கிறோம். அசிட்டைல்கோலினை உமிழ்நீர்ச் சுரப்பி கேட்டால் வாயில் நீர் ஊறுகிறது. கண்ணின் பாவையைச் சூழ்ந்த தசை கேட்டால் பாவை சுருங்குகிறது. இரத்தக் குழாயின் கதை இன்னும் நுட்பமானது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் இதைச் சோதித்தபோது சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவே இல்லை. தளராதவை எல்லாம் கையாளும்போது உட்புறம் உரசப்பட்டவை. அங்கே ஒரே ஓர் அடுக்குச் செல்கள் விரிப்பாகப் படர்ந்திருக்கும்; உரசலில் அவை உதிர்ந்துவிட்டிருந்தன. செய்தியைக் கேட்டவை அந்த உள்விரிப்புச் செல்களே. கேட்டதை அவை வேறொரு சொல்லாக மாற்றிப் பின்னாலிருக்கும் தசைக்குச் சொல்கின்றன. 1980-இல் வெளிவந்த இந்த ஆய்வைத் தொடர்ந்தவர்கள் அந்த இரண்டாவது சொல் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்று கண்டார்கள். 1998-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஃபர்ச்காட்டும் ஒருவர்.

நரம்பே இல்லாத உயிர்களிலும் அசிட்டைல்கோலின் இருக்கிறது. சில பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. ஐரோப்பாவின் நெட்டில் செடியைத் தொட்டால் தோல் எரியுமே, அந்தச் செடியின் கொட்டும் மயிர்களிலும் அது உண்டு. நரம்பு தோன்றுவதற்கு முன்பே இந்த மூலக்கூறு உலகில் இருந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. அதைச் செய்தியாக்கியது, கேட்கத் தெரிந்த ஒரு புரதம். அட்ரினலின், இன்சுலின், செரட்டோனின் என்று நம் உடலில் ஓடும் செய்திகள் ஏராளம். மனித மரபணுக்களில் சவ்வை ஏழு முறை கடக்கும் ஏற்பிகளுக்கென்று மட்டும் ஏறத்தாழ 800 இருக்கின்றன. அவற்றையெல்லாம் இங்கே எடுத்தால் இந்த ஒன்றைச் சொல்லி முடிக்க முடியாது.

சொன்னதை அழிப்பது சொல்வதற்கு இணையான அற்புதம். இடைவெளியில் கொட்டிய அசிட்டைல்கோலின் அங்கேயே நின்றுவிட்டால் மடக்கிய விரலை நீட்ட முடியாது. ஆகவே அந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே ஒரு நொதி நங்கூரமிட்டு நிற்கிறது. அசிட்டைல்கோலினஸ்டரேஸ் என்று பெயர். ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் பல ஆயிரம் அசிட்டைல்கோலின்களை வெட்டிவிடும்; உயிரினங்களில் அறியப்பட்ட மிக விரைவான நொதிகளில் அது ஒன்று. வெட்டியதில் கிடைக்கும் கோலினில் பெரும்பகுதியை நரம்பு நுனி திரும்ப உறிஞ்சி எடுத்துப் புதிய அசிட்டைல்கோலினாகக் கட்டிக்கொள்கிறது. முட்டையின் மஞ்சள் கருவில் நாம் உண்ட கோலின் இப்படி எத்தனையோ முறை சொல்லாகிச் சொல்லாகி மீள்கிறது.

இந்த நொதியைப் பிடித்து முடக்குவதுதான் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளின் வேலை. பூச்சிக்கும் நமக்கும் இந்த நொதி பொது. நஞ்சு ஏறியவருக்கு வாயில் நீர் வழிகிறது, கண்ணீர் பெருகுகிறது, வியர்வை கொட்டுகிறது, பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது, நாடி விழுகிறது, தசைகள் துள்ளித் துடித்துப் பிறகு துவண்டுவிடுகின்றன. ஓயாமல் சொல்லப்படும் ஒரே சொல்லை உடல் முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பதன் கொடுமை அது. நம் மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் இந்த அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பது வேதனையான செய்தி. கையுறையும் முகமறைப்பும் இல்லாமல், காற்றுக்கு எதிர்த்திசையில் நின்று மருந்து தெளிக்கும் ஒருவரைக் கண்டால் தயவுசெய்து நிறுத்திச் சொல்லுங்கள். அவருடைய உடலின் மௌனத்தைக் காப்பது அந்த ஒரு நொதிதான்.

மாற்று மருந்தாகக் கொடுப்பது அட்ரோபின். இதயத்திலும் சுரப்பிகளிலும் உள்ள ஏற்பிகளில் அது போய் அமர்ந்துகொண்டு அசிட்டைல்கோலினை அமரவிடாது. சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையில் இருப்பதும் இந்தக் குடும்பத்து நஞ்சுதான். அதைத் தின்றவருக்குப் பாவை விரிவதும், நாக்கு வறள்வதும், நெஞ்சு படபடப்பதும் ஆர்கனோபாஸ்பேட் செய்வதற்கு நேர் எதிராக இருப்பதன் காரணம் இதுவே.

செல்லுக்குக் கேட்கும் உறுப்பு ஒன்று உண்டு என்று துணிந்து சொன்னவர்களில் முன்னவர் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி. கோழியின் தசையில் நரம்பு அழிந்த பிறகும் நிக்கோட்டின் பட்டால் அது சுருங்குவதையும், அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் குராரே அதைத் தடுப்பதையும் 1905-இல் அவர் காட்டினார். இரண்டும் நரம்பைத் தொடுவதில்லை, தசையிலேயே இவற்றை ஏற்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்றார். அந்த ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக் காட்ட மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. உதவிக்கு வந்தவை ஒரு பாம்பும் ஒரு மீனும். 1963-இல் தைவானில் சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள் அந்நாட்டுக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். அது தசையின் ஏற்பியைப் பற்றினால் எளிதில் விடுவதில்லை. தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்கின் மின்னுறுப்பிலோ இதே ஏற்பிகள் அடர்ந்து கிடக்கின்றன. அந்த விலாங்கு தரும் மின்னடியே அவை ஒருசேரத் திறப்பதால் பிறப்பதுதான். பாரிஸில் ழான்-பியர் ஷான்ழே, லீயோடு சேர்ந்து பாம்பின் நஞ்சை விலாங்கின் உறுப்பில் இட்டு, நஞ்சு பற்றிய புரதத்தை 1970-இல் அடையாளம் கண்டார். ஒன்றையொன்று ஒருபோதும் சந்திக்காத இரண்டு உயிர்கள். ஒன்றின் பல்லுக்கும் மற்றதன் உடலுக்கும் இவ்வளவு துல்லியமான பொருத்தம்.

நம் வயல்வெளிகளில் இது ஆய்வகச் செய்தி அல்ல. நாகம் தீண்டியவருக்கு முதலில் கண்ணிமை சரிவது, நஞ்சு ஏற்பிகளில் அமர்ந்து தசையின் காதை அடைத்துவிட்டதால். மூச்சுத் தசைகளும் அடுத்துச் செவிடானால் உயிர் போய்விடும். நஞ்சுமுறி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள்; அவர்களுக்கு இந்த நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. நஞ்சுமுறியோடு நியோஸ்டிக்மின் என்னும் ஊசியும் போடுவதுண்டு. அதுவும் அந்த நொதியை முடக்குவதுதான். அளவோடு முடக்கினால் அசிட்டைல்கோலின் பெருகி, நஞ்சோடு போட்டியிட்டு ஏற்பியை எட்டிவிடுகிறது.

கீரி தப்புவது எப்படி? பாம்போடு சண்டையிட்ட கீரி காட்டுக்குள் போய் ஏதோ ஒரு மூலிகையில் புரண்டு வரும் என்று கிராமங்களில் சொல்வார்கள். மூலிகை அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 1992-இல் கீரியின் ஏற்பியை ஆராய்ந்தபோது, நஞ்சு பற்றும் இடத்தில் மட்டும் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தன; ஒரு சர்க்கரைச் சரமும் அங்கே ஒட்டியிருந்தது. நஞ்சு அமர இடமில்லை, அசிட்டைல்கோலினுக்கோ தடையில்லை. நாகத்தின் சொந்தத் தசைகளிலும் அதே இடத்தில் ஒரு சர்க்கரைச் சரம் காவலிருக்கிறது.

என்னை இன்றும் வியப்பு விடாத ஒன்று மிச்சமிருக்கிறது. கருவில் நரம்பு வந்து தொடுவதற்கு முன்பு தசைச் செல்லின் மேற்பரப்பு முழுவதும் ஏற்பிகள் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பக்கமிருந்து செய்தி வரும் என்று அதற்குத் தெரியாது. நரம்பு தொட்டதும் அவை தொட்ட இடத்தில் குவிகின்றன, மற்ற இடங்களில் மறைகின்றன. நாளடைவில் ஐந்து துண்டுகளில் ஒன்றும் மாறி, திறந்து மூடும் நேரம் குறைகிறது. பிறகு, விபத்தில் அந்த நரம்பு அறுந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். செய்தி நின்ற சில நாட்களில் தசை மறுபடியும் தன் உடல் முழுவதும் ஏற்பிகளை முளைக்கவிடுகிறது, அதுவும் கருவில் இருந்த அதே பழைய வகையை. இதனால்தான் பல நாட்களாகக் கைகால் செயலிழந்து கிடப்பவருக்கு மயக்க மருத்துவர்கள் சக்சினைல்கோலின் என்ற மருந்தைத் தவிர்க்கிறார்கள். அசிட்டைல்கோலினைப் போன்ற அந்த மருந்தை உடல் முழுக்கக் காதாக நிற்கும் தசை கேட்டால், வெளியேறும் பொட்டாசியமே இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

அறுந்த நரம்போ நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து திரும்பி வருகிறது. முழங்கையருகே அறுந்தது உள்ளங்கைத் தசைகளை எட்டப் பல மாதங்கள் ஆகும். வந்து சேரும்போது அது கண்ட இடத்தில் தங்குவதில்லை. பழைய இடத்தைத் தேடி அமர்கிறது. தவளைகளில் தசை இழையையே அழித்து, அதைச் சுற்றியிருந்த மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்துச் சோதித்தார்கள். வெறும் உறையின் மேலும் நரம்பு அதே பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அந்த முடிவு வெளிவந்தது 1978-இல். தசை உயிரோடிருந்தால், நரம்பு வந்து பேசத் தொடங்கிய பிறகு அங்கங்கே முளைத்த ஏற்பிகள் படிப்படியாக மறைகின்றன, தொட்ட இடத்தில் மட்டும் நிலைக்கின்றன, விரல் மறுபடி மடங்குகிறது.